மருந்து இலவசம், நாள் இலவசமா?



தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குள் ஒரு நாள் மாலை நுழைந்து பாருங்கள். பட்டும் பகட்டும், பாத்திரமும் பண்டமும், விளக்கு வெள்ளமும் மக்கள் வெள்ளமும்! அந்த வெள்ளத்தின் நடுவே, மடித்த புடவையைப் பிரித்துக் காட்டி, பிரித்ததை மீண்டும் மடித்து, காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே உழைக்கும் பிள்ளைகளையும் பாருங்கள். நெல்லையிலிருந்து வந்தவன், தூத்துக்குடியிலிருந்து வந்தவள், விழுப்புரத்திலிருந்து வந்தவன். உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் தனிச் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது, அவர்களுக்கு!

அவர்களிலே ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பெயரைச் சொல்ல முடியாத நிலைதான் அவனுடைய துன்பமே. அவன் உடலில் எச்.ஐ.வி. இருக்கிறது. இரவு தோறும் ஒரே ஒரு மாத்திரை விழுங்குகிறான். அந்த ஒரு மாத்திரை அவனைக் காக்கிறது. அவன் மனைவியைக் காக்கிறது. நாளை பிறக்கப்போகும் பிள்ளையையும் காக்கிறது. அரசு அதை ஒரு காசு வாங்காமல் கொடுக்கிறது. நல்லது, வாழ்க அந்த ஏற்பாடு!

ஆனால் மாத்திரை தீர்ந்தால் என்ன செய்வான்? சிகிச்சை மையத்துக்குப் போகவேண்டும். பேருந்து, வரிசை, பதிவு, ஆலோசனை, பரிசோதனை, மீண்டும் பேருந்து. ஒரு நாள் போயிற்று. ஒரு நாள் கூலியும் போயிற்று. மேற்பார்வையாளரிடம் என்ன சொல்லி விடுப்பு கேட்பான்? முதல் முறை, “பாட்டி இறந்துவிட்டாள்” என்பான். அடுத்த முறை, “அக்காள் மகளுக்குக் காதுகுத்து” என்பான். அதற்கும் அடுத்த முறை? எத்தனை தடவைதான் ஒரு பாட்டி சாவாள்!

மருந்து இலவசம், ஒப்புக்கொள்கிறேன். நாள் இலவசமா? அந்த ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

சென்னை கண்ட முதல் சேதி

இந்த நோயின் இந்தியக் கதை தொடங்கியதே நம் ஊரில்தான். ஆண்டு 1986. “எய்ட்ஸா? அது மேல்நாட்டான் நோய். நம் புண்ணிய பூமியிலே அது காலூன்றுமா?” என்று ஏளனம் பேசியவர்கள் ஏராளம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அந்த ஏளனத்தை ஏற்கவில்லை. ‘பார்த்துவிட்டுப் பேசுவோம்’ என்றார். அதுதான் பகுத்தறிவு! அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் தள்ளப்பட்டிருந்த பெண்களிடம் பழகி, பேசி, இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கணவரின் ஸ்கூட்டரில் ஏறிப் போய், சேகரித்ததை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்து, பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனார். அங்கே ஜேக்கப் ஜான் குழுவினர் உதவியோடு சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள், ‘இதோ இருக்கிறேன்’ என்று கிருமியைக் காட்டின. சட்டமன்றத்தில் அமைச்சர் எச்.வி. ஹண்டே அந்தச் சேதியை அறிவித்தபோது, நாடே திடுக்கிட்டது.

திடுக்கிட்ட நாடு அடுத்து என்ன செய்தது? நோயைப் பிடிக்க வேண்டியவர்கள் நோயாளியைப் பிடித்தார்கள்! தொற்று கண்ட பெண்களை, காவல் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் அடைத்து வைத்த கொடுமை இந்தச் சென்னையிலே நடந்தது. உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போன பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது. அந்தப் பெண்களிடம் போன ஆண்களை எந்தக் காவலர் தேடினார்? எந்தக் கதவு அவர்களுக்குச் சாத்தப்பட்டது? ‘பாவம்’ என்ற சொல்லைப் பெண்ணின் நெற்றியில் எழுதி, ‘பரிதாபம்’ என்ற சொல்லை ஆணுக்குக் கொடுத்தது இந்தச் சமுதாயம்.

சுனிதி அம்மையார் அங்கே நிற்கவில்லை. 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைத் தொடங்கினார். இதே தியாகராய நகரில், இராமன் தெருவில் இருந்தது அது. பின்னர் அடையாறை அடுத்த தரமணியில், வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்துக்குப் போயிற்று. மற்ற இடங்களில் தொட மறுத்தவர்களை அங்கே தொட்டுப் பார்த்து மருத்துவம் செய்தார்கள். தாம்பரம் சானடோரியம் இன்னொரு புகலிடம். 1928இல் காசநோயாளிகளுக்காக எழுந்த அந்த மருத்துவமனை, எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கும் கதவைத் திறந்து, இந்தியாவிலேயே மிகப் பெரிய சிகிச்சை நிலையங்களில் ஒன்றாக வளர்ந்தது.

1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. இந்தியாவில் அதுதான் முதல். கோட்டையிலே கோப்பு நகரக் காத்திராமல், பணமும் பணியும் விரைந்து சேர வழி செய்த அந்த அமைப்பைப் பார்த்துத்தான், பிறகு மற்ற மாநிலங்களிலும் சங்கங்கள் எழுந்தன. தொற்றுள்ளவர்களே ஒன்றுகூடி 1997இல் ஓர் அகில இந்திய அமைப்பையும், பெண்கள் தனியே 1998இல் ஓர் அமைப்பையும் தொடங்கியதும் சென்னையில்தான். நோயாளி என்று ஒதுக்கப்பட்டவன், ‘எனக்கு உரிமை உண்டு’ என்று எழுந்து நின்ற ஊர் இது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆகவே பொறுப்பும் நமக்கு உண்டு.

விலையைக் கேட்டு மயங்கியவன்

மருந்து வந்தது. யாருக்கு வந்தது? 1996க்குப் பிறகு மேல்நாடுகளில் மூன்று மருந்துக் கூட்டு, சாவின் வாயிலிருந்து மனிதர்களை இழுத்து வந்தது. விலை? ஆண்டுக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் டாலர்! நம் தோழன் பிழைப்பதற்குத் தன் வீட்டை விற்கவேண்டும். விற்க வீடு இருந்தால்!

2001 பிப்ரவரியில் இந்திய நிறுவனமான சிப்லா, அதே மூன்று மருந்தையும் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் அறிவித்தது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு! மந்திரமா, மாயமா? இல்லை. 1970இல் இந்தியா இயற்றிய காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கு ஏகபோகம் தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய நம் ஆலைகளுக்கு வழி இருந்தது. 2005இல் உலக வணிக அமைப்பின் விதிக்கு இணங்கி அந்தச் சட்டம் மாறியது. ஆனால் அதற்குள் நம் ஆலைகள் செய்து தந்த மாத்திரை, ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் எத்தனையோ இலட்சம் உயிரைக் காத்துவிட்டது. ஒரு சட்டத்தின் ஒரு வரி, ஒரு மருத்துவமனையைவிட அதிக உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2004 ஏப்ரல் 1ஆம் நாள் இந்தியாவில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படலாயிற்று. முதலில் எட்டு அரசு மருத்துவமனைகள். அவற்றில் தாம்பரமும் ஒன்று. 2017இல், ‘இரத்தத்தில் எதிர்ப்பணு இவ்வளவு குறைந்தால்தான் மருந்து’ என்ற வரம்பும் போயிற்று. தொற்று என்று தெரிந்த உடனே மருந்து என்பது விதியாயிற்று.

விளைவு கண்கூடு. ஒருகாலத்தில் இந்தியாவின் ஆறு ‘மிகு தொற்று’ மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இன்று அந்த அபாய நிலை இல்லை. நாடு முழுவதும் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள். வயது வந்தோரில் நூற்றுக்கு 0.2 என்பது 2023ஆம் ஆண்டு மதிப்பீடு. 2010ஐ நோக்க, புதிய தொற்று நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைந்திருக்கிறது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கணக்கில் தென்படாத நிலையை அடைந்தவர், உடலுறவின் வழியே மற்றவருக்கு நோயைத் தருவதில்லை என்பதை மருத்துவம் மெய்ப்பித்துவிட்டது. தாய்க்குத் தக்க நேரத்தில் மருந்து கொடுத்தால், நூறு குழந்தைகளில் ஐந்துக்கும் குறைவாகவே தொற்று வரும். கொடுக்காவிட்டால் நாற்பத்தைந்து குழந்தைகள் வரைகூட வரலாம்.

திருப்தி என்னும் திரை

“பிறகென்ன? வென்றுவிட்டோமே!” என்கிறார் ஒரு நண்பர், மயிலாப்பூர்க் குளக்கரைத் தேநீர்க் கடையிலே.

வெல்லவில்லை, நண்பரே! தொற்றுள்ள நூறு பேரில் தன் நிலையை அறிந்தவர் எண்பது பேரை ஒட்டித்தான். மற்ற இருபது பேருக்குத் தெரியாது. தெரியாதவன் மருந்து உண்பானா? மருந்து உண்ணாதவன் தன்னைக் காப்பானா, பிறரைத்தான் காப்பானா? நாடு முழுவதும் கணக்குப் பார்த்தால், அந்த இருபது என்பது சில இலட்சம் மனிதர்கள்! வடகிழக்கு மாநிலங்களிலும் பஞ்சாபிலும் ஊசி வழிப் போதைப் பழக்கம் இளைஞர்களிடையே இந்தக் கிருமியைப் பரப்பி வருகிறது. கூரையிலே ஒரு மூலை எரியும்போது, மறு மூலையில் பாய் விரித்துப் படுப்பவன் புத்திசாலியா?

புள்ளிராஜாவை நினைவிருக்கிறதா? இருபதாண்டுகளுக்கு முன் சென்னைச் சுவரெங்கும் அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட விளம்பரம்! ஊரே பேசிற்று, ஆணுறை என்ற சொல்லைக் கூசாமல் உச்சரிக்கக் கற்றுத் தந்தது. அதே வேளையில், தொற்றுள்ளவனைக் கேலி செய்ய அந்தப் பெயரையே கல்லாக எடுத்து வீசியவர்களும் உண்டு. விழிப்பு ஊட்டப் போன சொல், வெறுப்பு ஊட்டவும் பயன்பட்டது. இன்று அந்தச் சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன. அன்று பிறந்த பிள்ளை இன்று கல்லூரியில். அவனுக்கு யார் சொன்னார்கள்?

யார் கையில் திறவுகோல்?

2025 சனவரியில் அமெரிக்காவில் ஆட்சி மாறிய உடனே, வெளிநாட்டு உதவியை நிறுத்தும் ஆணை பிறந்தது. ஆப்பிரிக்க நாடுகளில் பல எச்.ஐ.வி. நிலையங்கள் பூட்டப்பட்டன, ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வாஷிங்டனில் ஒரு பேனா அசைந்தது. கடல் கடந்து ஒரு தாயின் மருந்துப் புட்டி காலியாயிற்று! அடுத்தவன் கிணற்றை நம்பிப் பயிர் வைத்தவனுக்கு, கோடையில் என்ன கதி என்பதை உலகம் கண்டது.

இந்தியாவுக்கு அந்தக் கதி இல்லை. 1992இல் நாம் தொடங்கியது உலக வங்கிக் கடனில். ஆனால் 2021 முதல் 2026 மார்ச் வரையிலான ஐந்தாம் கட்டத் திட்டத்துக்கு ஒதுக்கிய 15,471.94 கோடி ரூபாய், முழுவதும் ஒன்றிய அரசின் நிதித் திட்டம். அதாவது, நம் வரிப்பணம். பாராட்டுகிறோம்.

ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்காமல் இருக்கமுடியுமா? 2022 சூலையில் கூட்டு மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்துத் தொற்றுள்ளவர்கள் தில்லியில், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வாசலில் 42 நாட்கள் உட்கார்ந்தார்களே, ஏன்? மருந்து வாங்கும் ஒப்பந்தம் தில்லியில் தடுமாறினால், மாத்திரை தட்டுப்படுவது ஊர்கள் தோறும்! ஒரே பூட்டு, ஒரே சாவி. சாவி தொலைந்தால் ஊரே பட்டினி. மாத்திரையை இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் திமிறும் என்பது மருத்துவர் கூறும் எச்சரிக்கை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மருந்தை மொத்தமாக வாங்கி, கிடங்கு வைத்து, கணக்கு வைத்து வழங்குவது எப்படி என்று மற்ற மாநிலங்களுக்குக் காட்டிய நாடு இது. சில மாத இருப்பைத் தானே வாங்கி வைத்துக்கொள்ள மாநிலத்துக்கு நிதியும் உரிமையும் தருவதில் தில்லிக்கு என்ன இழப்பு?

தனிக் கொட்டகையா, பொது வீடா?

இப்போது என் தோழனிடம் திரும்பி வருகிறேன். 2004இல் முப்பத்தைந்து வயதில் மருந்து தொடங்கியவனுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிழைத்தான், மகிழ்ச்சி. பிழைத்தவனுக்கு எல்லோருக்கும் வருவது போல் இரத்தக் கொதிப்பு வந்தது, சர்க்கரை வந்தது. எச்.ஐ.வி.க்கு ஓர் இடம், சர்க்கரைக்கு ஓர் இடம், இருமினால் காசநோய்ச் சோதனைக்கு இன்னோர் இடம்! நோய்கள் மூன்றும் ஒரே உடலில் ஒற்றுமையாகக் குடியிருக்கின்றன. மருத்துவம் மட்டும் பாகப்பிரிவினை செய்துகொண்டு மூன்று வீடாகக் கிடக்கிறது!

ஆகவே சொல்கிறேன்: எச்.ஐ.வி. சேவை, பொது மருத்துவம் என்ற பெரிய வீட்டுக்குள் வரவேண்டும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் மாநகராட்சியின் நலவாழ்வு நிலையம் இருக்கிறது. அங்கேயே சோதனை, அங்கேயே மாத்திரை, மாலை வேளையிலும் ஞாயிறன்றும் திறந்த கதவு. நொச்சிக்குப்பத்து மீனவன் கடலிலிருந்து திரும்பிய பின் போகட்டும். அடையாறில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கும் தாய், ஐந்தாவது வீட்டுக்குப் போகும் வழியில் வாங்கிக்கொள்ளட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையையும் கொதிப்பு மாத்திரையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றதே! அரசு மனம் வைத்தால் மருந்து நடக்கும் என்று அது காட்டிவிட்டது.

“ஐயோ, வேண்டாம்!” என்று ஒரு குரல் கேட்கிறது. அது எதிரியின் குரல் அல்ல. தொற்றுள்ள சகோதரியின் குரல். “தெரு முனை நிலையத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருப்பாள். நான் போனால் ஊருக்கே தெரியும். எத்தனை தூரமானாலும் என்னை அறியாதவர்கள் இருக்கும் இடத்துக்கே போகிறேன்” என்கிறாள் அவள். இந்த அச்சத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அது அனுபவம் தந்த அச்சம். இரகசியத்தைக் காக்கத் தெரியாத வீட்டுக்குள் அவளை அழைப்பது, அழைப்பல்ல, காட்டிக்கொடுப்பு.

ஆகவே பெரிய வீட்டுக்குள் வரும்போது, சில ஏற்பாடுகளும் கூடவே வரவேண்டும்.

ஒன்று: அருகிலா, தொலைவிலா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளியுடையது. கட்டாயம் கூடாது. ‘எச்.ஐ.வி.’ என்று எழுதிய தனி வரிசையும் கூடாது. மற்ற நோயாளிகள் அமரும் அதே பலகை, அதே சீட்டு.

இரண்டு: ‘நம்பிக்கை மையங்களில்’ ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தக் கூலிக்கு உழைத்து வரும் ஆலோசகரும் ஆய்வக நுட்பநரும் பொது மருத்துவத்தின் நிலையான ஊழியர் ஆகவேண்டும். அழுது வந்தவனுக்கு ஆறுதல் சொன்ன அந்த அனுபவத்தை, ‘இணைப்பு’ என்ற பெயரால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெறும் கட்டடத்தை இணைத்துப் பயன் என்ன?

மூன்று: திருநங்கையரிடமும், பாலியல் தொழிலில் உள்ள பெண்களிடமும், ஆணை நாடும் ஆண்களிடமும் சென்று பழகிப் பணியாற்றுவோர் அந்தந்தச் சமூகத்தினரே. அவர்களுக்குரிய நிதி குறையக் கூடாது. 2008இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நல வாரியம் கண்ட மாநிலம் அவர்களை மருத்துவமனை வாசலில் நிற்க வைக்கலாமா?

ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி

புதிய சேதி ஒன்றும் இருக்கிறது. லெனகாபவிர் என்று ஒரு மருந்து. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசியாகப் போட்டுக்கொண்டால், தொற்று வராமல் தடுக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில், அந்த ஊசி போட்டுக்கொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை! 2025 சூனில் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் தந்தது; சூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் இதன் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். நம் பணத்தில் சுமார் 24 இலட்சம் ரூபாய். மயங்கவேண்டாம்! ஐதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ ஆகிய நிறுவனங்கள் 2027 முதல் இதை ஆண்டுக்கு 40 டாலர் விலையில் 120 நாடுகளுக்குத் தர ஒப்பந்தம் ஆகியிருக்கிறது என்ற அறிவிப்பு 2025 செப்டம்பரில் வந்தது. நாற்பது டாலர், சுமார் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

2001இன் கதை மறுபடியும் நடக்கிறது. ஆனால் அன்று மருந்து நம் நாட்டில் செய்யப்பட்டது 2001இல். நம் ஏழைக்கு இலவசமாகக் கிடைத்தது 2004இல். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் எரிந்த பிணங்களுக்குக் கணக்கு உண்டா? இந்த முறை காத்திருக்கக் கூடாது. தடுப்பு மருந்துக்கான வழிகாட்டி நெறியைத் தில்லி 2022இலேயே வெளியிட்டுவிட்டது. நெறி நூலகத்தில் இருக்கிறது; மருந்து வீதிக்கு வரவேண்டும்.

இயன்ற அளவா, வேண்டிய அளவா?

2017இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தை இயற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது. வேலை தருமுன் சோதனை கேட்கக் கூடாது. ஒருவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடக் கூடாது. மருத்துவம் மறுக்கக் கூடாது என்கிறது சட்டம். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குறை கேட்க ஓர் அலுவலர் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் மருந்து தரும் பொறுப்பைச் சொல்லும் இடத்தில், ‘இயன்ற அளவு’ என்ற ஒரு சொல்லைச் செருகிவிட்டார்கள். வரி வசூலில் ‘இயன்ற அளவு’ உண்டா? நீங்கள் இயன்ற அளவு வரி கட்டினால் விடுவார்களா? உயிர் காக்கும் இடத்தில் மட்டும் ஏன் அந்தச் சொல்? அது நீக்கப்பட வேண்டும்.

நம் கையில் உள்ள வேலை என்ன? ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் நூறு பேரைத் தாண்டி ஆள் வைத்திருக்கும் கடைகள் உள்ளனவே, அங்கே அந்தக் குறைகேட்பு அலுவலர் யார் என்று தொழிற்சங்கத் தோழர்கள் கேட்கட்டும். காரணம் சொல்லத் தேவையில்லாத மருத்துவ விடுப்பை, கூலிப் பிடித்தமின்றி, எல்லோருக்கும் கேளுங்கள். எல்லோருக்கும் என்பதிலே என் தோழன் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். படிப்பகச் சுவரிலே 1097 என்ற இலவச உதவி எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். முதலில் நீங்களே போய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். போய் வந்ததைக் கூசாமல் சொல்லுங்கள். மேடையில் நான் ஒரு மணி நேரம் முழங்குவதைவிட, கிளைச் செயலாளர் ஒருவர், “நான் சோதித்துக்கொண்டேன், நீயும் வா” என்று சொல்லும் ஒரு வாக்கியம் அதிகம் வேலை செய்யும்.

1986இல் ஓர் இளம் மருத்துவர் ஸ்கூட்டரில் ஏறி, யாரும் போக விரும்பாத இடத்துக்குப் போனார். அவர் போனதால்தான் நாடு விழித்தது. அரசு மருத்துவம் அந்த ஸ்கூட்டரின் வழியிலேயே போகவேண்டும். மனிதன் இருக்கும் இடத்துக்கு, அவன் கூலி குறையாத வேளையில். அந்த நாள் வரும்போது, என் தோழன் பாட்டியை நிம்மதியாக வாழ விடுவான்.